பெல்ச்சர் ஓடைப் பாம்பின் விரதம்

பெல்ச்சர் ஓடை, மேற்கு வர்ஜினியா
ஜூலை 11, 1987

ஆர்டித் அக்காவுக்கு,

ஹாலிஸ் எழுதுகிறேன். கவரில் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்திருப்பாய். யாரும் சாகவில்லை. வீட்டில் நொரீன் நன்றாக இருக்கிறாள். சபை நன்றாக நடக்கிறது. கூரை அப்பா காலத்தில் ஒழுகிய அதே இடத்தில் இன்னும் ஒழுகுகிறது. பதினோரு வருஷமாக ஒரு வரி எழுதாத தம்பி இப்போது எதற்கு எழுதுகிறான் என்று கேட்பாய். ஒரு பாம்பைப் பற்றிக் கேட்கத்தான்.

சிரிக்கிறாயா? சிரித்துக்கொள். நொரீனின் சித்தி மகள் கொலம்பஸ் வந்திருந்தபோது மிருகக்காட்சிசாலையின் பாம்புக் கூடத்தில் உன்னைப் பார்த்தாளாம். சீருடை போட்டுக்கொண்டு மலைப்பாம்புக்கு இரை வைத்துக்கொண்டிருந்தாயாம். கர்த்தர் காப்பார் என்று விஷப்பாம்பைக் கையில் எடுக்கும் நம் சபையில், பெட்டி திறந்து உன் முறை வந்தபோது கதவைத் திறந்துகொண்டு ஓடினவள், அங்கே சம்பளம் வாங்கிக்கொண்டு பாம்புக்கு ஊட்டுகிறாள். கர்த்தருக்கும் வேடிக்கை பிடிக்கும் போலிருக்கிறது.

விஷயம் இதுதான். ஜூன் கடைசியில் மகள் ஜூனியும் அவள் மாமன் டெல்மரும் மேல்பாறைக்குப் போய் ஒரு கிலுகிலுப்பைப் பாம்பைப் பிடித்து வந்தார்கள். மஞ்சள் உடம்பு, கறுப்புப் பட்டை, இந்தப் பக்கத்தில் நான் பார்த்ததிலேயே கனமானது. சபையில் எல்லோரும் பார்க்கும்படி, முன்பக்கம் கண்ணாடி வைத்த பெட்டியில் மேடைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். வந்த நாளிலிருந்து எதையும் தொடவில்லை. புளூஃபீல்ட் கடையிலிருந்து வெள்ளை எலி வாங்கிவந்து போட்டேன். எலி பாம்பின் முதுகில் ஏறி உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொள்கிறது. நம்மிடம் வந்த பாம்புகள் பலவும் இப்படித்தான் இருந்தன, சில பனிக்காலத்துக்குள் செத்தும் போயின. சகோதரி ஐசியை உனக்கு நினைவிருக்கும். சாப்பிடாத பாம்பைப் பார்த்தால் அவர் சொல்வது ஒன்றுதான். "விரதத்துல இருக்கு. அதையும் கர்த்தர் தொட்டுட்டாரு." இந்த முறை சபை முழுதும் அதைப் பிடித்துக்கொண்டது. வர்ஜினியா பக்கத்திலிருந்தெல்லாம் விரதப் பாம்பைப் பார்க்க வருகிறார்கள்.

ஜூனிக்கு ஜூன் முதல் வாரத்தில் பத்தொன்பது முடிந்தது. செப்டம்பர் முதல் ஞாயிறு, வெளியூர் போனவர்கள் எல்லாம் திரும்பி வரும் அந்தப் பெரிய ஆராதனையில், அவள் முதன்முதலாகப் பாம்பைக் கையில் எடுப்பாள் என்று அன்றைக்கே சபையில் அறிவித்தேன். அப்பா, நான், என் மகள். எனக்கு எவ்வளவு பெருமை என்று உன்னிடம் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

இப்போது பார், பாம்பு விரதம் என்று ஐசி சொன்ன அன்றைக்கு ஜூனி எழுந்து நின்று, அது சாப்பிடும்வரை நானும் சாப்பிடமாட்டேன் என்று சபைக்கு முன்னால் நேர்ந்துகொண்டாள். தண்ணீரும் கொஞ்சம் ஆப்பிள் சாறும்தான் உள்ளே போகிறது. விரதத்தில் இருக்கிறவர் அது முடியும்வரை பெட்டியைத் தொடக்கூடாது என்பது அப்பா வைத்த வழக்கம், உனக்கே தெரியும். அவள் கன்னம் ஒட்டிவிட்டது. நொரீன் என்னோடு பேசுவதில்லை.

பாம்பைச் சாப்பிட வைப்பது எப்படி என்று எழுது. இதற்கு மேல் உன்னிடம் எதுவும் கேட்கமாட்டேன். ஊர்க் கடைக்குப் போன் செய்து என்னைக் கூப்பிடாதே, அங்கே எல்லோருக்கும் காது நீளம்.

கர்த்தருக்குள்,
பாஸ்டர் ஹாலிஸ் முல்லின்ஸ்


கொலம்பஸ், ஒஹையோ
ஜூலை 17, 1987

ஹாலிஸ்,

பாஸ்டர் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். எனக்குத் தெரிந்த ஹாலிஸ் பன்னிரண்டு வயதுவரை படுக்கையை நனைத்தவன். அவனுக்கே பதில் எழுதுகிறேன்.

யாரும் சாகவில்லை என்று முதலிலேயே எழுதியிருக்கிறாய். படித்து முடித்தபோது, சாகக் கிடப்பது யார் என்று தெரிந்தது. பாம்பின் நிறம், பட்டை, பருமன், எலி முகம் துடைத்தது எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் மகளுக்கு வருகிறாய். முதலில் அவளை வெல்ச்சுக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டு. அதற்குப் பிறகு பாம்பு.

காட்டிலிருந்து வந்த பாம்பு சாப்பிடாமல் இருந்தால் பெரும்பாலும் காரணம் பயம். விழுங்கிக்கொண்டிருக்கும்போது அதனால் ஓடவும் முடியாது, கடிக்கவும் முடியாது. ஆகவே ஆபத்து என்று பட்ட இடத்தில் அது வாயைத் திறக்காது. நீ அதை எங்கே வைத்திருக்கிறாய்? கண்ணாடிக்குப் பின்னால், ஒளிய ஒரு மரப்பட்டைகூட இல்லாமல், வருகிறவன் போகிறவன் எல்லாம் விரலால் தட்டும்படி. காது இல்லாவிட்டாலும் தரை அதிர்வது அதற்கு உடம்பெல்லாம் தெரியும். உங்கள் டிரம்மும், காலால் பலகையை உதைத்து ஆடுவதும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நீயே யோசி. ஞாயிற்றுக்கிழமைதோறும் தூக்கி ஆட்டுகிறாய் என்றும் தெரியும், அதை நீ எழுதவில்லை.

அந்த எலியும் தப்பு. வெள்ளை எலியை அது பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை, அந்த வாசனை அதற்குச் சாப்பாடு என்றே தெரியாது. தரையில் ஓடும் வரி அணிலோ காட்டு எலியோ பிடித்து, கொன்று, உடம்புச் சூடு ஆறுவதற்குள் பெட்டியில் வை. வைத்துவிட்டு அந்தப் பக்கமே போகாதே. கண்ணில் நீலம் படர்ந்திருந்தால் தோல் உரிக்கப் போகிறது, உரித்து முடியும்வரை எதையும் தொடாது. குளிர்ந்த இடத்தில் இருந்தாலும் தொடாது, வயிற்றில் புழு இருந்தாலும் தொடாது. பெட்டியைச் சபையிலிருந்து எடு. இருட்டான, சத்தமில்லாத, ஒரு மூலையாவது வெதுவெதுப்பாக இருக்கும் இடத்தில் வை. குடிக்கத் தண்ணீர் வை. யாரும் கை வைக்கக்கூடாது, நீயும்தான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ வருஷாவருஷம் மேடையில் என்னைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறாய் என்று எனக்குத் தெரியும். ஓடிப்போன ஆர்டித், பாம்புக்குப் பயந்து கர்த்தரை விட்டவள். நொரீனின் அதே சித்தி மகள்தான் சொன்னாள், நடித்தும் காட்டினாள். அழகாகச் செய்கிறாயாம், நான் கதவில் மோதிக்கொண்ட இடத்தில் எல்லோரும் சிரிப்பார்களாம். நான் பயந்தது உண்மை. பயந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஜூனியை டாக்டரிடம் கூட்டிப் போ.

ஆர்டித்


பெல்ச்சர் ஓடை
ஜூலை 26

அக்கா,

நீ சொன்னதில் பாதியைச் செய்தேன் என்று நினைத்துவிடாதே, கிட்டத்தட்ட எல்லாவற்றையும் செய்தேன். பெட்டியைச் சபையின் பின்னறைக்கு மாற்றினேன். கண்ணாடியைச் சாக்கால் மூடினேன், உள்ளே ஓக் பட்டை வைத்தேன். கையில் எடுப்பதை நிறுத்தினேன், பார்க்க வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். டெல்மர் நாள் முழுக்கக் குந்தியிருந்து இரண்டு வரி அணில் பிடித்தான். நீ சொன்னபடி சூடாக வைத்தோம். மறுநாள் அவை எறும்பு மொய்த்துக் கிடந்தன. கண் தெளிவாக இருக்கிறது, நீலமில்லை. தண்ணீர் குடிக்கிறது. மெலியவும் இல்லை, அதுதான் எனக்குப் புரியவில்லை. முகமும் கழுத்தும் ஒடுங்கியிருந்தாலும் பின்பாதி அப்படியே கனமாக இருக்கிறது. இடம் மாற்றுவதற்காக இரண்டு கையாலும் தூக்கினேன், மாவு மூட்டையைத் தூக்குவதுபோல் பின்பக்கம் இழுத்தது.

இன்னொன்று. ஓக் பட்டைக்கு அடியில் அது போவதே இல்லை. சாக்கின் ஓரத்தில் கொஞ்சம் வெயில் விழுகிறது. அந்தத் துண்டு வெயில் நகர நகர அதுவும் நகர்ந்து போய்ப் படுக்கிறது. ஐசி இதைப் பார்த்துவிட்டு, ஒளியைத் தேடுகிறது என்று அழுதார். அது இன்னொரு சாட்சியாக ஊரெல்லாம் போய்விட்டது.

டெல்மர் சொன்னதையும் எழுதுகிறேன், உனக்கு உதவலாம். பாறையில் அன்றைக்கு நாலைந்து கிடந்தனவாம். இவன் இளசாக, சுறுசுறுப்பாக ஒன்றைப் பிடிக்கப் போனானாம். "அது வேணாம் மாமா, இதத்தான் எடுக்கணும்" என்று ஜூனிதான் இந்தப் பெரியதைக் காட்டினாளாம். நட்டநடுப் பாறையில் வெயிலில் கிடந்ததாம். பரிசுத்த ஆவியானவர் காட்டினார் என்று நான் சபையில் சாட்சி சொன்னேன்.

டாக்டர் விஷயம். அவள் சிறுபிள்ளை இல்லை. அவள் நேர்ந்துகொண்ட பொருத்தனை அவளுக்கும் கர்த்தருக்கும் நடுவில் இருக்கிறது, அதில் நான் கையை நுழைக்க முடியாது. நொரீன் வேறு மாதிரி நினைக்கிறாள். நேற்று ஒரு தட்டு பீன்ஸும் சோள ரொட்டியும் கொண்டுபோய் ஜூனியின் முன்னால் வைத்துவிட்டு, அவள் தொடாததைப் பார்த்து, தட்டோடு என் மேஜைக்குக் கொண்டுவந்து, "நீங்களே தின்னுங்க பாஸ்டர்" என்றாள். மனைவி என்னைப் பாஸ்டர் என்று கூப்பிட்டு நீ கேட்டிருக்கிறாயா? நான் தின்றேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஜூனி நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறாள். பாம்பைச் சாப்பிட வைக்க இன்னும் ஏதாவது வழி இருந்தால் சொல். நீ வரவேண்டாம். வந்தால் சபை என்ன சொல்லும் என்று உனக்குத் தெரியும்.

ஹாலிஸ்


கொலம்பஸ்
ஜூலை 31

ஹாலிஸ்,

முதலில் கேட்க வேண்டியதை நான் கேட்கவே இல்லை. உன்மேல் இருந்த கோபத்தில் எழுதினேன், அதனால் விட்டுப்போயிற்று.

அது பெண் பாம்பு, சினையாக இருக்கிறது.

நட்டநடுப் பாறையில் வெயிலில் கிடந்தது, வெயிலை விட்டு நகராதது, முகம் ஒடுங்கியும் பின்பாதி கனத்தே இருப்பது, எதை வைத்தாலும் தொடாதது எல்லாம் அதனால்தான். கிலுகிலுப்பைப் பாம்பு முட்டையிடும் ஜாதி இல்லை, குட்டி போடும். குட்டிகள் வயிற்றில் வளர வெயில் வேண்டும். அதற்காகத் தாய்ப்பாம்பு கோடை முழுதும் திறந்த பாறையில் கிடக்கும். இரை தேடிப் போகாது, பக்கத்தில் வந்தாலும் பெரும்பாலும் தொடாது. போன வருஷம் தின்று சேர்த்த கொழுப்பில் ஓட்டும். செப்டம்பர் நடுவிலோ கடைசியிலோ குட்டி போட்ட பிறகுதான் அதற்குப் பசி வரும். பாறைக்குப் போகிறவன் கையில் லேசாகச் சிக்குவதும் இந்தத் தாய்கள்தான், ஒளிந்து கிடக்க அவற்றால் முடியாது.

எனவே உன்னால் அதைச் சாப்பிட வைக்க முடியாது. என்னாலும் முடியாது. அது விரதமும் இல்லை, சாட்சியும் இல்லை. வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற ஒரு ஜீவனைப் பெட்டியில் போட்டு வைத்துவிட்டு, கர்த்தர் தொட்டார் என்று பாடிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஜூனியிடம் இதைச் சொல். பாம்பு விரதமே இல்லை என்றால் அவள் பொருத்தனைக்கும் அடி இல்லை. செப்டம்பர்வரை அவள் தாங்கமாட்டாள், ஹாலிஸ். சபையிலும் சொல். அங்கே சொல்வதற்கு உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், அந்த மேடை எவ்வளவு உயரம் என்று கீழே இருந்து பார்த்தவள் நான். ஆனாலும் சொல். பிறகு பாம்பை அதே பாறையில், எடுத்த அதே இடத்தில் விட்டுவிடு. வேறு மலையில் விட்டால் பனிக்காலத்துக்கு ஒதுங்க இடம் தெரியாமல் செத்துப்போகும்.

பதில் போடு. இந்த முறை தாமதிக்காதே.

ஆர்டித்


பெல்ச்சர் ஓடை
ஆகஸ்ட் 9

அக்கா,

உன் கடிதம் கிடைத்து நாளாகிவிட்டது. சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறேன், நொரீன் துவைக்கப் போட்டபோது எடுத்து மறுபடி வைத்துக்கொண்டேன். ஜூனியிடம் சொல்லவில்லை. சபையிலும் சொல்லவில்லை.

திட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் கேள். நீ கொலம்பஸில் உட்கார்ந்துகொண்டு, பார்க்காத பாம்பின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று எப்படிச் சொல்கிறாய்? தப்பாக இருந்தால்? இந்தப் பாம்பைப் பார்க்க வந்து, குடியை விட்டவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். சுரங்கம் மூடிய பிறகு வீட்டை விட்டு வெளியே வராத ஓர் ஆள் எங்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்து அழுகிறார். இவர்களுக்கு முன்னால் போய், நீங்கள் பார்த்தது சாட்சி இல்லை, பிள்ளைத்தாய்ச்சிப் பாம்பு என்று சொல்லச் சொல்கிறாய். அடுத்து அவர்கள் என்ன கேட்பார்கள்? நான் இத்தனை வருஷம் சொன்னதில் வேறு எது எல்லாம் இப்படி என்று கேட்பார்கள். உனக்கு நாங்கள் எப்போதும் முட்டாள்கள்தான், அதை நீ கடிதத்துக்குக் கடிதம் மறைக்காமல் எழுதுகிறாய்.

பெரிய ஆராதனைக்கு நாலு மாநிலத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அதற்குள் கர்த்தர் பாம்பின் வாயைத் திறப்பார், ஜூனி விரதத்தை முடிப்பாள், பாம்பை எடுப்பாள் என்று எல்லோரும் ஜெபிக்கிறார்கள். நானும் ஜெபிக்கிறேன். அதைத் தவிர எதையும் நான் இப்போது கேட்பதில்லை.

வியாழக்கிழமை ஊற்றடியில் தண்ணீர் எடுக்கப் போனவள் மயங்கி விழுந்துவிட்டாள். டெல்மர் தூக்கி வந்தான். "ஒரு வைக்கோல் கட்டு இதவிடக் கனம் மச்சான்" என்றான், அதற்கு மேல் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, கர்த்தர் உன்னைத் தாங்குவார் என்றேன். அவள் கண்ணைத் திறந்து என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

ஹாலிஸ்


கொலம்பஸ்
ஆகஸ்ட் 13

ஹாலிஸ்,

உன்னை முட்டாள் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. முட்டாளாக இருந்திருந்தால் உன்னை மன்னித்திருப்பேன்.

பார்க்காமல் எப்படிச் சொல்கிறாய் என்று கேட்கிறாய். நீ தூக்கினாய் அல்லவா? மாவு மூட்டைபோல் பின்பக்கம் இழுத்தது என்று எழுதியது நீதான். அப்பாவோடு போய்ச் சிறுவயதிலிருந்து பாம்பு தூக்குகிறவன் நீ. உன் கைக்குத் தெரிந்துவிட்டது, நீதான் அதைப் பேசவிடவில்லை.

இப்போது நான் எழுதப்போவதைக் கவனித்துப் படி. மூன்று நாளாக எனக்குத் தூக்கம் இல்லாததற்குக் காரணம் இதுதான். நான் ஊரை விடும்போது ஜூனிக்கு எட்டு வயது. அந்தக் கோடையில் நான் அவளை மேல்பாறைக்குக் கூட்டிப்போவேன், நொரீனிடம் பெர்ரி பறிக்கப் போகிறோம் என்று சொல்லுவோம். தூரத்தில் உட்கார்ந்து பாம்புகளைப் பார்ப்போம். சினையாக இருப்பது எது, இல்லாதது எது என்று நான் அவளுக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறேன். குட்டி போடும்வரை அம்மாப் பாம்பு சாப்பிடாது என்றும் சொல்லியிருக்கிறேன். "அதுக்குப் பசிக்காதா அத்தை?" என்று அவள் கேட்டது எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது.

நாலைந்து பாம்பு கிடந்த பாறையில் மாமனைத் தடுத்து அவள் அதையே எடுக்கச் சொன்னாள் என்றால், அவள் தெரிந்தேதான் எடுத்திருக்கிறாள். செப்டம்பர் ஆராதனைவரை அது சாப்பிடாது என்று தெரிந்தேதான் அது சாப்பிடும்வரை நானும் சாப்பிடமாட்டேன் என்று நேர்ந்திருக்கிறாள். ஏன் என்று எனக்குத் தோன்றுவதை எழுதமாட்டேன். நான் எழுதினால் நீ என்னோடு சண்டை போட்டுவிட்டு அதோடு விட்டுவிடுவாய்.

அவளைப் போய்க் கேள். கர்த்தர் தாங்குவார் என்று சொல்லாதே, ஜெபிக்காதே, வசனம் சொல்லாதே. கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திரு. அவள் என்ன சொன்னாலும் அன்றைக்கே வெல்ச்சுக்குத் தூக்கிக்கொண்டு போ.

இந்த மாதக் கடைசிக்குள் உன் கடிதம் வரவில்லையென்றால் நான் பஸ் ஏறி வருகிறேன். சபை என்ன சொன்னாலும் எனக்குக் கவலையில்லை, கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று எனக்கு ஏற்கெனவே தெரியும்.

ஆர்டித்


வெல்ச்
ஆகஸ்ட் 24

அக்கா,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜூனி உயிரோடு இருக்கிறாள். இதை முதலில் எழுதிவிட்டேன்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. தபால்பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று படித்தேன். கோபம்தான் முதலில் வந்தது. என் மகள் சபையை ஏமாற்றினாள் என்று எழுத உனக்கு என்ன தைரியம் என்று நினைத்தேன். வீட்டுக்குள் போவதற்குள் அந்தக் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அவள் ஜன்னலோரம் படுத்திருந்தாள். நான் தரையில் உட்கார்ந்தேன். நீ சொன்னதுபோல் கேட்டேன், ஏம்மா சாப்பிடவில்லை என்று. வாயிலிருந்து வசனம் வரப் பார்த்தது, நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஜன்னல் வெயில் கட்டிலை விட்டுத் தரைக்கு இறங்கியது. நொரீன் வாசலில் வந்து நின்றாள். பிறகு ஜூனி கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பாம்பு ஏன் சாப்பிடலன்னு ஒஹையோ வரைக்கும் எழுதிக் கேட்டீங்க. நான் ஏன் சாப்பிடலன்னு இன்னிக்குத்தான்பா கேக்கறீங்க."

அவளே சொன்னாள்.

"எனக்குப் பயம். சின்ன வயசுலேர்ந்தே, நீங்க பெட்டியத் தெறக்கறப்பல்லாம் பயம். செப்டம்பர்ல நான் எடுப்பேன்னு எங்கிட்டக் கேக்காமலே சொல்லிட்டீங்க. வெரதத்துல இருந்தா யாரும் கையில குடுக்கமாட்டாங்க. அது குட்டி போடற வரைக்கும் தாங்கிடலாம்னு நெனச்சேன், அதுக்குள்ள அந்த ஞாயித்துக்கெழம போயிடும்."

பயம் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா என்று கேட்டேன். அவள் அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள்.

"சொன்னா, அடுத்த வருஷம் ஆர்டித் அத்தையோட எம்பேரையும் சேத்து மேடையில சொல்லுவீங்க. எல்லாரும் சிரிப்பாங்க. அதுக்குப் பசியே தேவல."

அக்கா, நான் நாற்பது வயதை நெருங்குகிறேன். என்னை யாரும் இப்படி அடித்ததில்லை. அவள் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல் சொன்னாள். நொரீன் டிரக்கின் சாவியை எடுத்து என் மடியில் போட்டாள். டெல்மர் சொன்னது சரி, அவளைத் தூக்கியபோது எனக்குக் கனமே தெரியவில்லை.

இங்கே டாக்டர் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டார். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் இருதயம் நின்றிருக்கும் என்றார். நன்றாகத் திட்டட்டும் என்று நின்றேன். ஒரேயடியாகச் சாப்பாடு கொடுத்தாலும் ஆபத்தாம், ஸ்பூன் கணக்கில்தான் ஏற்ற வேண்டும் என்கிறார். முதல் நாள் கஞ்சி மாதிரி எதையோ கொடுத்தார்கள், பாதியில் தூங்கிவிட்டாள். நேற்று கிண்ணம் முழுதையும் குடித்தாள். இன்றைக்கு முட்டை கேட்டிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை டெல்மரும் நானும் பாம்பைத் தூக்கிக்கொண்டு மேல்பாறைக்குப் போனோம். எடுத்த இடத்தை அவனுக்கு அடையாளம் தெரிந்தது. பெட்டியைச் சாய்த்ததும் அது கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது, பிறகு மெதுவாக வெயில் பட்ட கல்லுக்குப் போய்ச் சுருண்டது. வாலைக் கிலுக்கக்கூட இல்லை. இத்தனை நாளும் அது என்னை என்னவென்று நினைத்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

நேற்று சபையில் வெறும் பெட்டியை மேடையில் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பாம்பு சினை என்பதையும், ஜூனிக்குப் பயம் என்பதையும், அவள் எடுக்கமாட்டாள் என்பதையும், அவளைக் கேட்காமல் அறிவித்தது நான் என்பதையும். உன் பெயரையும் சொன்னேன், இந்த முறை யாரும் சிரிக்கும்படி சொல்லவில்லை. முன்வரிசையில் பாதிப் பேர் எழுந்து போனார்கள். சுரங்கத்து ஆள் போகவில்லை, ஆனால் என்னைப் பார்க்கவும் இல்லை. ஐசி மட்டும் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "எம்புருஷன் கடிபட்டுச் செத்ததுலேர்ந்து நான் அந்தப் பெட்டியத் தொட்டதே இல்ல பாஸ்டர். இருவது வருஷமா யாரும் கேக்கல, நானும் சொல்லல" என்றார். செப்டம்பர் ஆராதனை நடக்குமா, நடந்தால் நான்தான் நடத்துவேனா, எதுவும் இப்போது தெரியாது.

இன்று காலை ஜூனியிடம், உடம்பு தேறியதும் என்ன செய்ய வேண்டும் என்று இருக்கிறது என்று கேட்டேன். உன்னிடம் வரவேண்டும் என்றாள். எத்தனை நாளுக்கு என்ற கேள்வி வாய்வரை வந்தது, கேட்கவில்லை. அவள் திரும்பி வருவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். வராமலும் போகலாம். நான் உன்னை விட்டதுபோல் அவளை விடமாட்டேன், எழுதிக்கொண்டே இருப்பேன்.

டாக்டர் அனுமதித்ததும் நானே கொண்டுவந்து விடுகிறேன், நீ என்னை வாசலோடு திருப்பி அனுப்பினாலும் சரி. அவளுக்கு வெங்காயம் பிடிக்காது என்று நொரீன் எழுதச் சொன்னாள். அது எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது. நீ வீட்டில் எதைச் சமைத்தாலும் முதலில் அவளிடம் என்ன வேண்டும் என்று கேள். உடனே பதில் வராது, கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறாள். அதுவரை நீயாக எதையும் தட்டில் போட்டுவிடாதே.

உன் தம்பி,
ஹாலிஸ்